உள்வளைவில் கிடந்த நெல்

இந்தக் கதையை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். மணவாளன் இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை எழுபதாம் வருஷம் என்றார், இன்னொரு தடவை எழுபத்தொன்று என்றார். முதல் தடவை அவருடைய அக்கா காயவைத்தது நான்கு மூட்டை நெல். இரண்டாம் தடவை அது ஆறு மூட்டை ஆகிவிட்டது. நடுநடுவே பேச்சை நிறுத்திவிட்டு வெகுநேரம் சும்மா இருப்பார். அந்த இடைவெளிகளை நானாக நிரப்பிக்கொண்டேனோ என்னவோ. ஆனால் நெல் கிடந்த இடமும், அவருடைய நண்பன் ஜோசப் கேட்ட கேள்வியும், அதற்கு இவர் சொன்ன பதிலும் இரண்டு தடவையும் மாறவில்லை. அதை நம்பித்தான் எழுதுகிறேன். அன்றைக்கு அவருக்கு வயது இருபத்தாறு. அதனால் அவன் என்றே சொல்லிவிடுகிறேன்.

கவரைப்பேட்டையில், கல்கத்தா போகும் சாலையை ஒட்டித் தணிகாசலத்தின் லாரிப் பட்டறை இருந்தது. மணவாளன் அங்கே மெக்கானிக். தினமும் வேலைக்கு எந்த மோட்டார் சைக்கிளில் வந்தானோ அதே வண்டியில்தான் பந்தயமும் ஓட்டினான். பந்தயத்துக்கு முந்தின நாள் விளக்கு, மட்கார்டு, சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றிக் கோணியில் சுற்றி வைப்பான். முன்னால் ஒரு தகரத்தட்டைக் கட்டி எண் எழுதுவான். திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவான். அப்போது பந்தயம் ஓட்டிய பாதிப்பேர் இப்படித்தான். சொந்தமாகப் பந்தய வண்டி வைத்திருந்தவர்கள் பங்களாக்காரர்கள்.

ஜோசப் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு போல்ட்டு நட்டுக் கம்பெனியில் கடைசல் பிடிக்கும் டர்னர். லேத்தில் நின்றால் அளவுகோலை அவன் கடைசியில்தான் எடுப்பான். விரலால் தடவிப் பார்த்தே இன்னும் எவ்வளவு கடைந்து எடுக்கவேண்டும் என்று சொல்லிவிடுவான். மணவாளன் வண்டியில் பாதிச் சாமான் ஜோசப் கடைந்து கொடுத்தது. வளைவுகளில் வண்டியை எப்படிச் சாய்ப்பது, எந்த இடத்தில் பிரேக் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். மணவாளன் ஒரு நாளும் அவனை ஜெயித்ததில்லை.

அந்த வருஷம் பந்தயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஜனவரி கடைசியில் பெங்களூர். பிப்ரவரி நடுவில் சோழவரம், இரண்டு நாள். மார்ச்சில் கல்கத்தா. தணிகாசலம் லீவு கொடுக்கும்போதெல்லாம் முனகினார்.

"ஏன்டா, மூணு மாசத்துல மூணு ஊரு. லாரிக்காரன் வந்து கேட்டா இன்னான்னு சொல்றது? மெக்கானிக் பறந்து போய்ட்டான்னா?"

"அப்பிடியே சொல்லு மொதலாளி," என்றான் ஜோசப். "றெக்கைக்கு மட்டும் ஆர்டர் வாங்கிடாத. அத்தயும் நான்தான் கடையணும்."

பெங்களூரில் ஜோசப் முதலாவது, மணவாளன் இரண்டாவது. திரும்பி வரும்போது ஒரு பேச்சு அடிபட்டது. சோழவரத்தில் பெரிய பந்தயத்தை ஜெயிப்பவனுக்குக் கல்கத்தாவில் ஓட்ட ஒரு கம்பெனி தன் வண்டியைக் கொடுக்கப்போகிறதாம். விளக்கைக் கழற்றி மாட்டுகிற வேலை இல்லாத, பந்தயத்துக்கென்றே செய்த வண்டி. ரயிலில் ஜோசப் தூங்கிவிட்டான். மணவாளன் தூங்கவில்லை.

சோழவரத்துப் பந்தயம் நடந்தது யுத்த காலத்து விமானத் தளத்தில். விமானங்கள் போன பிறகு அந்தக் காங்கிரீட்டை இரண்டு பேர்தான் உபயோகித்தார்கள். வருஷத்தில் சில நாள் பந்தயக்காரர்கள். மற்ற நாளெல்லாம் சுற்றுப்பட்டு விவசாயிகள். தை அறுப்பு முடிந்ததும் பார்த்தால் ஓடுபாதை முழுக்க நெல் பரப்பியிருக்கும். அவ்வளவு நல்ல களம் எந்த ஊரிலும் இல்லை. பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் எல்லாரையும் காலிபண்ணச் சொல்லிப் பெருக்கிவிடுவார்கள். அதற்கப்புறம் ஆடு மாடு, ஆள் யாரும் உள்ளே வரக்கூடாது.

மணவாளனின் அக்கா செங்கம்மாளை அங்கே பக்கத்து ஊரில்தான் கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன் நாகமுத்துவுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை. அந்த வருஷம் அறுப்பு பிந்திவிட்டது. அறுத்துப் போட்டதும் மழை பிடித்துக்கொண்டது, வியாழனும் வெள்ளியும். சனிக்கிழமைப் பந்தயங்கள் முடிந்து மணவாளன் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனபோது, கூடத்தில் நெல் குவிந்திருந்தது. செங்கம்மாள் அவன் கையைப் பிடித்துக் குவியலுக்குள் விட்டாள். உள்ளே காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி சுட்டது.

"பாத்தியா தம்பி? இன்னும் ஒரு நாள் இப்பிடியே கெடந்தா முளை வுட்டுடும். அப்புறம் மாட்டுக்குத்தான் போடணும்."

"ரெண்டு மணி நேரம் காங்கிரீட்டுல போட்டா போதும், மச்சான்," என்றார் நாகமுத்து. "சூடு தணிஞ்சிடும். அப்பால கொஞ்சம் கொஞ்சமா காயவச்சிக்கலாம். இப்ப உள்ள கால வச்சாலே வெரட்டறானுங்க."

அன்றைக்கு அவன் மூன்று முறை அந்தத் தடத்தில் ஓட்டியிருந்தான். எந்த இடத்தில் ஆள் நிற்கும், எந்த இடத்தில் நிற்காது என்று தெரியும்.

"கடைசி வளைவாண்ட ஒம்பதரைக்கு முன்ன எவனும் வரமாட்டான் மாமா. வெடிஞ்சதும் கொண்டாந்து கொட்டு. நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாகவே அடித்தது. ஏழு மணியிலிருந்து நெல் காய்ந்தது. ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கி இருமத் தொடங்கியது. வண்டிகளைச் சோதனைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். நாகமுத்துவும் செங்கம்மாளும் வாரி மூட்டை கட்ட, மணவாளன் விளக்குமாற்றை வாங்கிப் பெருக்கினான். காங்கிரீட் பாளங்களுக்கு நடுவே தார் பெயர்ந்துபோன இடுக்குகளில் நெல் இறங்கியிருந்தது. எத்தனை தரம் தள்ளினாலும் கொஞ்சம் வந்தது, கொஞ்சம் தங்கியது. செங்கம்மாள் குனிந்து விரலால் நோண்டி எடுக்க ஆரம்பித்தாள்.

"போதும் வாக்கா. மிச்சத்த காக்கா பொறுக்கிக்கும்," என்று அவளைக் கிளப்பினான்.

அன்றைக்குக் காலையில் சின்ன வண்டிகளின் பந்தயத்தில் மணவாளன் ஓட்டினான். ஜோசப் அதில் இல்லை. பெரிய பந்தயத்துக்குத் தெம்பை மிச்சம் வைக்கிறேன் என்று வேலிக்குப் பக்கத்தில் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். மூன்றாவது சுற்றில் மணவாளன் அதைப் பார்த்தான். சக்கரங்கள் இடுக்கிலிருந்த நெல்லைக் கிளப்பிக் கிளப்பி, வளைவின் உள் ஓரமாக ஒதுக்கியிருந்தன. ஒரு முழ அகலத்துக்கு மஞ்சளாக ஒரு கோடு. பார்க்கிறவனுக்கு மணல் மாதிரி இருக்கும். அவனுக்கு அது என்னவென்று தெரியும். காங்கிரீட்டின்மேல் காய்ந்த நெல், பாசிமணி மாதிரி உருளும். அவன் விலகி வெளிப்பக்கமாகவே வளைந்து போனான். அவனுக்குப் பின்னால் ஒரு புதுப் பையன் அங்கே சறுக்கிக் காலை ஊன்றித் தப்பித்தான். கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்தது.

பந்தயம் முடிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது ஜோசப் வேலியைத் தாண்டி வந்தான்.

"இன்னாடா அது, கடைசி வளைவுல அவ்ளோ அகலமா போய்க்கினு கீற? மாப்பிள்ளை ஊர்வலமா?"

"டயரு புடிக்கல."

"புடிக்கலன்னா காத்த கொஞ்சம் எறக்கு. உள்பக்கம் ரெண்டு கஜம் காலியா கீதுடா. நீ அப்பிடியே போ. நான் அங்கதான் உன்ன முந்தப்போறேன், சொல்லிட்டேன்."

இங்கேதான் மணவாளன் இரண்டு தடவையும் பேச்சை நிறுத்தினார்.

சொல்லியிருக்கலாம். உள்ளே நெல் கிடக்கிறது, வராதே என்று நாலு வார்த்தை. ஆனால் சொன்னால் ஜோசப் சும்மா இருக்கமாட்டான். நேரே போய்ப் பெருக்கச் சொல்லுவான். பெருக்க வந்தவர்கள் யார் நெல் என்று கேட்பார்கள். யார் உள்ளே விட்டது என்று கேட்பார்கள். கையில் பட்டை கட்டிய போட்டியாளனே விட்டான் என்றால் அவன் பெயரை அடித்துவிடுவார்கள். இதெல்லாம் மனசில் ஓடியது உண்மை. அதற்கும் அடியில் இன்னொன்றும் இருந்தது. அந்த இடத்தைப்பற்றி ஜோசப்புக்குத் தெரியாதது ஒன்று தனக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் ஓட்டத்தில் முதல் முறையாக.

அப்போது செங்கம்மாள் தூக்குச்சட்டியோடு வந்தாள். கருவாட்டுக் குழம்பும் சோறும். ஜோசப்தான் முதலில் கையை நீட்டினான்.

"யக்கா, உன் தம்பிக்கு நெறைய போடு. வயிறு கனமா இருந்தாத்தான் எனக்குப் பின்னாடி வருவான்."

"நீ தின்னு நைனா. எலும்பும் தோலுமா கீற," என்றாள் செங்கம்மாள். அவள் முகம் தெளிந்திருந்தது. நெல் பிழைத்துவிட்டது என்று தம்பியைப் பார்த்துக் கண்ணாலேயே சொன்னாள். மூன்று பேரும் வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நேரம் இருந்தது. கை கழுவுகிற வரைக்கும்கூட இருந்தது.

பெரிய பந்தயம் பன்னிரண்டு சுற்று. கொடி விழுந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, என்ஜின் பிடித்ததும் தாவி ஏறவேண்டும். மணவாளன் வண்டி இரண்டாவது எட்டிலேயே பிடித்துக்கொண்டது. ஜோசப்பின் வண்டி இருபது கஜம் முரண்டு பிடித்தது. அதனால் முதல் சுற்றுகளில் ஜோசப் கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டு, எல்லாரும் போன தடத்திலேயே போகவேண்டியிருந்தது. ஆறாவது சுற்றில் ஐந்தாவதாக வந்தான். எட்டில் மூன்றாவது. ஒன்பதாவது சுற்றில் மணவாளனுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. எத்தனை வண்டி இருந்தாலும் ஜோசப் வண்டியின் சத்தம் அவனுக்குத் தனியாகக் கேட்கும். அதன் பிஸ்டனை இரண்டு பேரும் சேர்ந்துதான் மாட்டினார்கள்.

பத்தாவது சுற்று. கடைசி வளைவு. மணவாளன் வெளிப்பக்கமாக விலகினான். உள்பக்கம் கதவைத் திறந்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. இடது முழங்கைக்குப் பக்கத்தில் ஜோசப்பின் முன்சக்கரம் வந்தது, ஹெல்மெட் வந்தது. ஒரு கணம் இரண்டு பேரும் சமமாகச் சாய்ந்து போனார்கள். பிறகு அந்தச் சத்தம் மட்டும் இல்லை.

வைக்கோல் கட்டுகளில் மோதி வண்டி ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாகக் கிடப்பதை அடுத்த சுற்றில்தான் பார்த்தான். மஞ்சள் கொடி ஆடியது. ஜோசப் உட்கார்ந்திருந்தான். வலது கையை இடது கையால் மடியில் ஏந்திக்கொண்டு, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மணவாளன் நிற்கவில்லை. இன்னும் ஒரு சுற்று இருந்தது.

ஜெயித்தான். கோப்பை கொடுத்தார்கள்.

காறை எலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்திருந்தன. பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிடும், ஆறு மாதத்தில் தாராளமாக வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மணவாளன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனான். ஜோசப் முகத்தில் வலியைவிடக் குழப்பம்தான் இருந்தது.

"வாடா, ஜெயிச்ச கையி. கோப்பை எங்க? அதுல காபி வாங்கியாந்து குடுத்திருக்கலாம் இல்ல?" என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "டேய், நான் இன்னாடா தப்பு பண்ணேன்? நானும் நாலு நாளா படுத்துக்கினு யோசிக்கறேன், பிடிபடல. நீ பக்கத்துலதானே இருந்த. நீ பாத்திருப்ப."

அவன் பார்வை அப்படியே இவன்மேல் நின்றது. பதில் கிடைக்கும் என்று முழுசாக நம்பிய பார்வை. வார்டில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். மணவாளன் சாத்துக்குடியை உரித்துக்கொண்டே சொன்னான்:

"பிரேக்க லேட்டா புடிச்ச. புடிச்சதும் கொஞ்சம் அழுத்திட்ட."

ஜோசப் மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பிடியா? எனக்குச் சரியா புடிச்ச மாதிரிதான்டா இருந்துச்சு," என்றான்.

மார்ச்சில் கம்பெனி வண்டியோடு மணவாளன் கல்கத்தாவுக்குப் போனான். பெட்ரோலை வடித்துவிட்டு, வண்டியை வைக்கோலும் கோணியும் சுற்றிப் பார்சல் வேனில் ஏற்றினார்கள். மெயில் கவரைப்பேட்டையில் நிற்காமல் போயிற்று. தணிகாசலத்தின் பட்டறை ஜன்னலில் தோன்றி மறைந்தது. வாசலில் யாரோ கையாட்டின மாதிரி இருந்தது. கல்கத்தாவில் ஒவ்வொரு வளைவிலும் அவன் கண் உள் ஓரத்தையே தேடியது. அங்கே நெல் எதற்கு வரும்? தெரிந்தும், கை அவனை வெளிப்பக்கமாகவே இழுத்தது. ஒன்பதாவதாக வந்தான். கம்பெனிக்காரர்கள் மரியாதையாகக் கைகொடுத்து வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் சோழவரத்தில் ஏழாவது. அதற்கடுத்த வருஷம் பெயர் கொடுக்கவில்லை.

ஜோசப் திரும்ப ஓட்டவேயில்லை. மணிக்கட்டு டாக்டர் சொன்னபடி ஆறு மாதத்தில் சேர்ந்துவிட்டது. வண்டியை ஆவடிக்காரன் ஒருவனுக்கு விற்றான். சைக்கிளில்தான் வேலைக்குப் போனான். லேத்திலும் பழையபடி விரலால் தடவிப் பார்க்கிற வழக்கம் போய்விட்டது. ஒரு சாமானை நாலு தரம் அளந்தான். அளந்துவிட்டுப் பக்கத்து ஆளையும் அளக்கச் சொன்னான். வேலை தாமதமாகிறது என்று கம்பெனியில் அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். கை இன்னும் வலிக்கிறது போல என்று எல்லாரும் நினைத்தார்கள். பட்டறைக்கு எப்போதாவது வருவான். டீ குடிப்பான். பந்தயத்தைப்பற்றி யாராவது எடுத்தால், "நம்ம கை அவ்ளோதான் வாத்யாரே" என்று முடித்துவிடுவான்.

ஏழு வருஷம் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இரண்டு பேரும் சந்தித்தார்கள். ஜோசப் பட்டணம் போகிற ரயிலுக்குக் காத்திருந்தான். மணவாளன் பார்சலில் வந்த லாரிச் சாமானை எடுக்க வந்திருந்தான். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தண்டவாளத்துக்கு அப்பால் புதிதாக ஏதோ தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். நேற்றுவரை வயலாக இருந்த இடம். மண்மேட்டின்மேல் பழைய நெல்தாள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மணவாளன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ரயில் நாற்பது நிமிஷம் தாமதம் என்றார்கள். பிறகு மணவாளன் சொன்னான்.

எல்லாவற்றையும் சொன்னான். அக்கா கையைப் பிடித்து நெல்லுக்குள் விட்டதிலிருந்து வளைவில் பார்த்த மஞ்சள் கோடு வரைக்கும். ஜோசப் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சரக்கு வண்டி முழுசாகக் கடந்து போயிற்று.

"அப்ப நான் பிரேக்க லேட்டா புடிக்கல," என்றான்.

"இல்ல."

"சரியாத்தான் புடிச்சேன்."

"சரியாத்தான் புடிச்ச."

ஜோசப் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நெல்லு கெடந்ததுக்கு உன்ன நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்டா. அக்கா ஊட்டு நெல்லு. நானா இருந்தாலும் கொட்டச் சொல்லியிருப்பேன். நீ சொல்லாம வுட்டியே, அத்தகூட வுடு. பந்தயம். எனக்கும் அந்தப் புத்தி வந்திருக்கும். ஆனா ஆஸ்பத்திரியில நான் கேட்டேன் பாரு. அப்ப ஜெயிச்சி முடிச்சிட்ட. கோப்பை ஊட்ல கீது. எவனும் உன்கிட்டருந்து புடுங்கப்போறதில்ல. அப்ப ஏன்டா சொன்ன, என் கைமேல?"

மணவாளன் பார்சல் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

ஜோசப் எழுந்து ஸ்டேஷனுக்கு வெளியே நடந்தான். மணவாளன் பின்னாலேயே போனான். மணவாளனின் வண்டி புங்கமரத்தடியில் நின்றது. அதே பழைய வண்டிதான். ஜோசப் அதன்மேல் ஏறி உட்கார்ந்தான். வலது கையால் பிரேக்கைப் பிடித்தான். மெதுவாக விட்டான். மறுபடி பிடித்தான், விட்டான். மணவாளன் சாவியை நீட்டினான்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வாடா."

"ரயிலு வந்துடும்," என்று ஜோசப் இறங்கிவிட்டான்.

அப்புறம் அவர்கள் சந்திக்கவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. ஜோசப் பட்டறைக்கு வருவது நின்றுபோயிற்று, அவ்வளவுதான்.

ஜோசப் அந்தக் கம்பெனியிலேயே ஸ்டோர்கீப்பராக இருந்தான். திருநின்றவூரில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினான். லேத்துக்குத் திரும்பப் போகிறாயா என்று ஒரு முறை கேட்டார்களாம். பழக்கம் விட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டான். தணிகாசலம் எழுபத்தெட்டில் இறந்தார். பட்டறையை மணவாளன் எடுத்து நடத்தினான். நாகமுத்து இரண்டு ஏக்கரில் ஒன்றை விற்றார், மற்றதில் பயிர் செய்தார். செங்கம்மாளுக்கு விஷயம் தெரியாது. தம்பியைப் பார்க்கும்போதெல்லாம், அந்த எலும்பும் தோலுமான பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்பாள். நன்றாக இருக்கிறான் என்று மணவாளன் சொல்வான். கோப்பை பட்டறை அலமாரியில் இருந்தது. அதற்குள் போல்ட்டுகள் போட்டு வைத்திருந்தார்கள்.